உருளைக்கிழங்கு டவர் வாங்கலாமா? வச்சிருக்கறவனோட புலம்பல்

வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சூண்டு இடம்தான் இருக்கு, உருளைக்கிழங்கை உசரமா அடுக்கி வளர்க்கலாம்னு சொல்றாங்களே, நீ பல சீசனா பண்றியே, நான் டவர் வாங்கட்டுமா மச்சான்னு ஃப்ரெண்ட் கேட்டான். ஒரே வரில ஆமா இல்லைன்னு சொல்ல முடியல, அதான் மொத்தமா கொட்டிடறேன். விதைக்கிழங்கை எப்படி முளைக்க வைக்கறது, எத்தனை கண்ணு விட்டு வெட்டறதுன்னு எல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், அதுக்குள்ள போகல. என்கிட்ட இருக்கறது கம்பி வலையை வட்டமா வளைச்சு, ஓரம் பூரா வைக்கோல் திணிச்சு, நடுவுல மண்ணும் தொழுஉரமும் கலந்து போட்ட நெஞ்சு உசர டவர். பக்கத்துலயே துணி க்ரோ பேக்லயும் போட்டிருக்கேன், அதனால ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் பேசறேன்.

மொதல்ல தண்ணி. இந்தத் தண்ணி விஷயத்துல எனக்கு வர்ற கோவம் இருக்கே, சொல்லி மாளாது. மேல இருந்து ஊத்தினா சமத்தா மண்ணுக்குள்ள இறங்கும்னு நினைப்போம், அது எங்க இறங்குது, வைக்கோல் ஓரமா வழி கண்டுபிடிச்சு சர்ருன்னு கீழ ஓடிருது. மேல விரலை விட்டுப் பார்த்தா ஈரம் இருக்கும், சரி போதும்னு விட்டா ரெண்டு சாண் கீழ புழுதி. அடியில மட்டும் சேறு, அங்க இருக்கற கிழங்கு அழுகுது. மக்குன உரம் ஒரு தடவை நல்லா காஞ்சுட்டா திரும்ப ஈரத்தை லேசுல உள்ள வாங்காது, தண்ணி மேலயே உருண்டு ஓடும். காயறதும் நனையறதும் மாறி மாறி நடந்தா கிழங்கு சும்மா விடுமா, தோல் வெடிக்குது, முண்டும் முடிச்சுமா வீங்குது, சிலதை வெட்டினா நடுவுல பொந்து. நடுவுல ஓட்டை போட்ட பிவிசி பைப் செருகி அது வழியா ஊத்தறேன், பாதி பிரச்சனை தீர்ந்துச்சு, ஆனா ஓட்டையெல்லாம் மண்ணு அடைச்சுக்கும், பைப்பைச் சுத்தி துணி கட்டணும். இதையெல்லாம் விக்கிறவன் ஒருத்தனும் சொல்றதில்ல.

அடுத்து அந்தப் பெரிய புளுகு. செடி வளர வளர மண்ணைப் போட்டு உசத்திக்கிட்டே போ, மாடி மாடியா கிழங்கு காய்க்கும்னு சொல்றாங்கல்ல, பிரிச்சுப் பார்த்தா மேல் மாடியெல்லாம் காலி, கிழங்கெல்லாம் விதைக்கிழங்கு இருந்த இடத்தை ஒட்டித்தான் இருக்கும். பெரும்பாலான ரகம் அப்படித்தான். கிழங்கு வேருல வர்றதில்ல, மண்ணுக்குள்ள இருக்கற தண்டுல இருந்து பக்கவாட்டுல கிளம்பற கொடியோட நுனிதான் வீங்கி கிழங்காகுது, அந்தக் கொடி பெரும்பாலும் அடிப்பக்கத்துலயே கிளம்பிடுது, அப்புறம் மேல எவ்வளவு மண்ணைக் கொட்டினாலும் புதுசா பெருசா ஒண்ணும் வந்துடாது. மண் அணைக்கிறது வேண்டாம்னு சொல்லல, வெளிச்சம் பட்டா கிழங்கு பச்சையாயிடும், கசக்கும், சொலனின்ங்கற நச்சு ஏறிடும், சாப்பிடக் கூடாது. மறைக்கத்தான் மண்ணு, மாடி கட்ட இல்ல. நிஜமாவே அடுக்கடுக்கா வேணும்னா விதைக்கிழங்கையே அடுக்கடுக்கா வைக்கணும், முளையை வலைப்பக்கம் பார்த்து வச்சா அது பக்கவாட்டுல வெளிய எட்டிப் பார்த்து வளரும். நான் இப்ப அப்படித்தான் பண்றேன்.

சூடும் ஒரு தலைவலி. கிழங்கு பிடிக்க மண்ணு 15-20 டிகிரி இருந்தா சொகமா பிடிக்கும், 30ஐ ஒட்டிப் போயிட்டா இலை தளதளன்னு இருக்கும், அடியில கிழங்கு இருக்காது. தரையில போட்டா பூமி குளுமையா வச்சுக்கும், டவருக்கு சுத்தி நாலு பக்கமும் வெயில் அடிக்குது, பாவம் அது என்ன பண்ணும். மத்தியான வெயில் படாத எடமா பார்த்து வைங்க. யூரியா மாதிரி தழைச்சத்தை அள்ளிப் போட்டாலும் இதே கதைதான், இலைதான் மிச்சம்.

இவ்வளவு திட்டறவன் ஏன் இன்னும் வச்சிருக்கேன்னா, அறுவடை. தரையில தோண்டும்போது மண்வெட்டி எங்க இறங்கும்னு நினைக்கறீங்க, கரெக்டா இருக்கறதுலயே பெரிய கிழங்கு மேலதான். இங்க கம்பியை அவுத்து விட்டா போதும், மொத்தமும் சரிஞ்சு விழும், கையால பொறுக்கிக்கலாம், ஒண்ணுகூட அடிபடாது, மண்ணுக்குள்ள தப்பிச்சுக் கிடந்து அடுத்த வருஷம் தானா முளைக்கறதும் கம்மி. அதைவிட எனக்குப் பிடிச்சது திருடறதுதான். செடி பூத்து கொஞ்ச நாள் கழிச்சு, பக்கத்துல வைக்கோலை மெல்ல விலக்கி உள்ள கையை விட்டு குட்டிக் கிழங்கா நாலஞ்சு எடுத்துட்டு திரும்ப மூடிடலாம், செடிக்குத் தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு வளரும். தோல் விரலால தேய்ச்சாலே வந்துடும், அந்த ருசியே வேற. ஆனா அது தாங்காது, அன்னன்னைக்கே சமைச்சுடணும், சேர்த்து வைக்க வேணும்னா செடி மஞ்சளாகி சாஞ்சு, தண்ணியை நிறுத்தி ரெண்டு வாரம் விட்டு எடுக்கணும்.

முடிஞ்சதும் அந்த மண்ணை கீரைப் பாத்திக்குக் கொட்டிடறேன், திரும்ப உருளையோ தக்காளி, கத்திரி, மிளகாயோ அதுல போடறதில்ல, எல்லாம் ஒரே குடும்பம், ஒண்ணோட நோய் இன்னொண்ணுக்கு வரும்.

அதனால மச்சான், வாங்காதே. தரையில ரெண்டு பாத்திக்கு எடம் இருந்தா அங்கேயே போடு, கிழங்கு பெருசாவும் வரும், தண்ணி கவலையும் பாதிதான், எடம் இல்லைன்னா பெரிய க்ரோ பேக்ல போடு, அதுவும் சீக்கிரம் காயும் ஆனா பூரா நனைச்சுடலாம். நான் அஞ்சுக்கு ரெண்டு மார்க் போடறேன், அதுல ஒண்ணு அந்தத் திருட்டுக்கு. அப்ப உன் டவரை எனக்குக் குடுத்துடுன்னு மட்டும் கேட்டுடாதே, அடுத்த சீசனுக்கு விதைக்கிழங்கு முளைக்க வச்சாச்சு.