மே மாசம் சின்ன பிள்ளைகளோட எங்க போறது? குற்றாலமா, பாபநாசமா, திருச்செந்தூரா?

முழுப்பரிச்சை லீவு விட்டதுல இருந்து நெல்லைல எந்த வீட்டுக்கு போனாலும் இதே பேச்சுதான் ஓடுது. காலேஜ் படிக்கிற பசங்களுக்கு இதுல குழப்பமே கிடையாது, எங்க போனாலும் சமாளிச்சுக்கிடுவாங்க. நான் சொல்ல வாரது வீட்ல ஆறு வயசுக்கு கீழ பிள்ளைய வச்சிருக்கவங்களுக்கு. எங்க வீட்ல மூத்தவ ஒண்ணாம் வகுப்பு முடிச்சிருக்கா, சின்னவனுக்கு மூணு வயசு. ரெண்டையும் கூட்டிட்டு கிளம்பும்போது நான் இடத்தோட அழக பாக்குறது இல்ல, தண்ணி பிள்ளைக்கு எதுவரைக்கும் நிக்கும், ஈரத்துணிய மாத்த மறைவா இடம் இருக்கா, மத்தியானம் கண்ண கசக்குனா எங்க படுக்க போடுறது, இந்த மூணத்தான் பாக்குதேன். அப்படி பாத்தா மே மாசத்துக்கு எனக்கு பாபநாசம்தான் முதல்ல வரும்.

முதல்ல குற்றாலத்த பேசிருவோம், எல்லார் வாய்லயும் முதல்ல வாரது அதுதான. குற்றால சீசன் தென்மேற்கு பருவமழையோட வாரது, ஜூன்ல தொடங்கி செப்டம்பர் வரைக்கும் இருக்கும். கேரளா பக்கம் மழை பிடிச்சு, செங்கோட்டை வழியா குளுந்த காத்து அடிச்சு சாரல் விழுந்தாதான் அது குற்றாலம். மே மாசம் போனா பேரருவில பாதி நாள் பாறைதான் தெரியும், ஓரமா வடியுற தண்ணிக்கு அடியில இடம் பிடிக்க அத்தனை கூட்டம் நிக்கும், அதுக்குள்ள பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு போய் நிக்குறதுக்கு வீட்லயே வாளித்தண்ணி ஊத்தி குளிப்பாட்டிரலாம்.

தண்ணி இல்லாதது கூட பரவால்ல, திடீர்னு வாரதுதான் பயம். மே மாசத்து கோடை மழை மலைக்கு மேல கொட்டும், கீழ நமக்கு ஒரு துளி விழாது, ஆனா அருவில தண்ணி நிமிஷத்துல கூடிரும். 2024 மே 17 அன்னைக்கு பழைய குற்றாலத்துல அப்படித்தான் வெள்ளம் வந்து 17 வயசு பையன் ஒருத்தன் போயிட்டான். ஜனங்க படியில பிள்ளைகள தூக்கிட்டு ஓடுன வீடியோவ பாத்ததுல இருந்து எனக்கு மே மாச குற்றாலம்னாலே மனசு ஒப்ப மாட்டேங்குது. அப்படியும் போறவங்க ஒண்ண மட்டும் செய்ங்க, போலீஸ்காரங்க விசில் அடிச்சா “இன்னும் ரெண்டு நிமிஷம்”னு நிக்காம பிள்ளைய தூக்கிட்டு மேல வந்துருங்க, தண்ணி கலங்கி சருகும் குச்சியுமா வர ஆரம்பிச்சா விசிலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆனா ஜூன் பாதி தாண்டி சாரல் பிடிச்சிட்டா குற்றாலத்துக்கு இணையா இந்த பக்கம் ஒண்ணும் கிடையாது, அத நானும் ஒத்துக்கிடுதேன். அப்பயும் சின்ன பிள்ளைகள பேரருவிக்கு அடியில கொண்டு போகாதீங்க, அந்த வேகத்துக்கு பெரியவங்களுக்கே கழுத்து நோகும். புலியருவி உயரம் கம்மி, பிள்ளையள் நின்னு ஆட தோதான இடம். ஐந்தருவி பக்கம் போனா அங்க சுற்றுச்சூழல் பூங்கா இருக்கு, பிள்ளையள் ஓடுறதுக்கு நல்லாருக்கும், வழியில மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிச்சு வச்சிருப்பாங்க. ஒரே சங்கடம், சீசன் வாரப்ப பள்ளிக்கூடம் திறந்துரும், சனி ஞாயிறு போனா தென்காசில இருந்தே வண்டி நகராது. எல்கேஜி யூகேஜி பிள்ளைன்னா வார நாள்ல ஒரு நாள் லீவு போட்டுட்டு கூட்டிட்டு போங்க, ஒண்ணும் குடிமுழுகிப் போகாது.

இப்ப பாபநாசம். தாமிரபரணி தென்மேற்கு மழைலயும் பெருகும் வடகிழக்கு மழைலயும் பெருகும், மேல அணையும் இருக்கதால கோடைலயும் ஆத்துல தண்ணி ஓடிக்கிட்டுதான் இருக்கும். கோயிலுக்கு எதுத்தாப்ல இருக்க படித்துறைதான் பிள்ளைகளுக்கு வசதி. அருவின்னா தண்ணி தலைல வந்து விழும், பிள்ளை மூச்சு முட்டி அலறும், இங்க அப்படி இல்ல, படி படியா இறங்கலாம். முதல்ல காலு, பயம் தெளிஞ்சா அடுத்த படி, அப்புறம் தண்ணிக்குள்ள இருக்க படியில நாம உக்காந்து மடியில வச்சுக்கிட்டா இடுப்பு வரைக்கும் நனையும். எங்க சின்னவன் தலைக்கு ஊத்துனாலே ஊரைக் கூட்டுறவன், அங்க போனா கைய பிடிச்சு இழுத்தாலும் ஏற மாட்டான், காரணம் மீனு. பொரிய வாங்கி போட்டா பெருசு பெருசா மீன் கூட்டமா வந்து வாய திறக்கும், பிள்ளைக்கு வேற எதுவும் வேண்டாம், ஒரு பொட்டலம் பொரி போதும். அந்த தண்ணியோட குளிர்ச்சிய எழுத்துல கொண்டுவர எனக்கு தெரியல, கத்திரி வெயில்ல வந்த உடம்பு அப்படியே அடங்கிரும், வீட்டுக்கு வந்து ராத்திரி பிள்ளையள் அசந்து தூங்கும்.

குறை இல்லாமலா, இருக்கு. பரிகாரம்னு சொல்லி துணிய ஆத்துல விட்டுட்டு போறாங்க, அது படியோரம் சிக்கி கிடந்து கால்ல சுத்தும். ஆத்த கும்பிட வந்தவங்க ஆத்துலயே துணிய போடுறது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. பிள்ளைய இறக்குறதுக்கு முன்னாடி நாம இறங்கி கால வச்சு துழாவி பாத்துக்கணும், பாசி வழுக்குற படியையும் அப்பவே கண்டுக்கிடலாம். குரங்கு இருக்கு, பிள்ளை கையில தின்பண்டத்த குடுத்து அனுப்பாதீங்க. படித்துறைய விட்டு நடு ஆத்து பாறைக்கு மட்டும் போகவே கூடாது, மேல அமைதியா தெரியும், பாறை இடுக்குல சுழி இருக்கும்.

எங்க மாமா ஒரு பழக்கம் வச்சிருக்காவ, கிளம்புறதுக்கு முந்தின நாளும் அன்னைக்கு காலைலயும் அணை நீர்மட்டத்த பேப்பர்ல பாத்துருவாவ. பாபநாசம் அணை முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. கோடைல மட்டம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டேதான் இருக்கணும், ஒரே ராத்திரில ஏறியிருந்தா மேல நல்ல மழைன்னு அர்த்தம், அன்னைக்கு பிள்ளைகள ஆத்துக்கு கூட்டிட்டு போக மாட்டாவ. காசு செலவில்லாத இந்த காரியத்த எல்லாரும் செய்யலாம்.

அருவிதான் வேணும்னா அகஸ்தியர் அருவி இருக்கு, கோடைலயும் தண்ணி விழும். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வருது, செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தி பை எல்லாம் பாப்பாங்க, பிளாஸ்டிக் கவர், சோப்பு, ஷாம்பு கொண்டு போனா எடுத்து வச்சிருவாங்க. பிள்ளைக்கு பால்டப்பா, பிஸ்கட்டு எல்லாம் எவர்சில்வர் டப்பால போட்டு துணிப்பைல கொண்டு போயிருங்க, வாசல்ல நின்னு தகராறு பண்ண வேண்டாம். மூத்தவ வயசு பிள்ளைன்னா இங்க ஓரமா நிக்கலாம், மூணு வயசுக்கு படித்துறையே போதும். மணிமுத்தாறு அருவி பாக்க இதவிட அழகு, ஆனா எதுத்தாப்ல தடாகம் ஆழம், சின்னதுகளோட நான் அங்க இறங்க மாட்டேன்.

சாப்பாட்டுக்கு வீட்ல இருந்தே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிட்டு போயிருவோம், கல்லிடைக்குறிச்சி வழியா வந்தா அப்பளம் வாங்காம வரமாட்டோம். மத்தியான தூக்கத்துக்கு எங்களுக்கு சேரன்மாதேவி பக்கம் ஆச்சி வீடு இருக்கு, பத்து பத்தரைக்கெல்லாம் ஆத்த விட்டு ஏறி அங்க போயி திண்ணைல விரிச்சு படுத்துருவோம். அப்படி வீடு இல்லாதவங்க ஆத்தங்கரை மருதமரத்து நிழல்ல ஒரு பாய் விரிச்சுக்கிடலாம், வெயில் தெரியாது.

திருச்செந்தூர எனக்கு இரண்டாவதா வைக்க மனசே இல்ல, முருகன் கோவிச்சுக்கிட மாட்டான்னு நம்புதேன். இதுல பெரிய சுகம் ரயில்தான். நெல்லைல இருந்து பாசஞ்சர்ல ஏறுனா செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், ஆறுமுகநேரின்னு ஒவ்வொரு ஸ்டேஷனா நின்னு போகும், அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக்கு டிக்கெட்டே கிடையாது, ஜன்னலோரம் உக்கார வச்சா வாழைத்தோட்டம், பனங்காடு, ஆடு மாடுன்னு பாத்துக்கிட்டே வரும். கார்ல போனா வாந்தி எடுக்குற பிள்ளைக்கு இதவிட நல்ல வழி இல்ல.

ஆனா கடல் சின்ன பிள்ளைக்கு ஆறு மாதிரி வராது. படித்துறைல தண்ணி நிக்குற இடத்துல நிக்கும், கடல்ல இப்ப கணுக்காலுக்கு இருந்தது அடுத்த அலைல பிள்ளைக்கு நெஞ்சுக்கு வரும், திரும்பி போறப்ப காலுக்கு கீழ மண்ண அரிச்சுட்டு போகும். ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு பெரியவங்க கைய விடாம நின்னாதான் உண்டு. உப்புத்தண்ணியும் மணலும் சேந்து தொடையிடுக்குல உரசி எரியும், நல்லதண்ணில அலசி தேங்காய் எண்ணெய் தடவி விடுங்க. கடலோரத்துல இருக்க நல்லதண்ணி ஊத்து, நாழிக்கிணத்துல குளிச்சுட்டு வரலாம்தான், கூட்டம் இருந்தா சின்னதுகளோட அந்த படி இறங்குறது சிரமம். எல்லாத்தையும் விட வெயில், ஒன்பது மணிக்கு மேல கல்தரையும் மணலும் கொதிக்கும், செருப்பு இல்லாம பிள்ளை குதிக்கும், அதனால முந்தின நாள் சாயங்காலமே போயி தங்கி விடியகாலம் கடலும் தரிசனமும் முடிக்குறவங்களுக்குதான் இது ஒத்துவரும். வைகாசி விசாகத்த ஒட்டியும் பௌர்ணமி அன்னைக்கும் வேண்டாம், கூட்டத்துல பிள்ளை கைய விட்டா தேடவே முடியாது.

கார்ல போறவங்க வழியில ஆதிச்சநல்லூர்ல இறங்குங்க. தொல்லியல்காரங்க தோண்டுன குழிய மூடாம மேல கண்ணாடி போட்டிருக்காங்க, அதுல நடந்தா அந்தக்காலத்துல இறந்தவங்கள வச்சு புதைச்ச தாழியெல்லாம் கீழ தெரியும். எங்க மூத்தவ குனிஞ்சு குனிஞ்சு பாத்து “இதுக்குள்ள ஆளு இருந்தாவளா”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, நம்ம பாட்டன் பூட்டன் ஊருன்னு அவளுக்கு சொல்லுறப்ப எனக்கே பெருமையா இருந்துச்சு. ரோட்டோரம் பனை ஓலை பட்டைல பதநீர் ஊத்தி அதுல நுங்க நறுக்கி போட்டு குடுப்பாங்க, காலைல இறக்குனதுதானான்னு கேட்டு வாங்குங்க, வெயில் ஏறுனா புளிச்சிரும்.

வெளியூர் போக முடியாத வாரத்துக்கு கொக்கிரகுளம் அறிவியல் மையம் இருக்கு. 1987ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் பிள்ளையள் பட்டன அமுக்கி கண்ணாடிய எட்டிப் பாத்து சிரிச்சுக்கிட்டுதான் இருக்கு. வெயில் நேரத்துல உள்ள பாத்துட்டு, சாஞ்ச பிறகு வெளிய டைனோசர் பக்கம் விட்டா ரெண்டும் பசிக்கிற வரைக்கும் வராது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் அஞ்சு வயசுக்கு மேல உள்ள பிள்ளைக்கு நல்லது, ஊருக்குள்ள மரத்துலயே கூடு கட்டி குஞ்சுக்கு இரை ஊட்டுறத கிட்டத்துல பாக்கலாம், மூணு வயசு பத்து நிமிஷத்துல தூக்குன்னு அழும்.

மிச்ச நாளெல்லாம் வீடுதான, அதையும் சும்மா நினைக்காதீங்க. நுங்கு தின்ன பிறகு மிஞ்சுற வெறுங்காய், அதான் கூந்தல், ரெண்ட குச்சில கோத்து கவட்டைக்கம்ப வச்சு தள்ளுற வண்டி ஒண்ண அவிய அப்பா செஞ்சு குடுத்தாவ, காலைல பல்லு விளக்காம எடுத்துட்டு தெருவுக்கு ஓடுது. மொட்டமாடில கூழ்வத்தல் பிழிஞ்சா காக்கா விரட்டுற வேலை மூத்தவளுக்கு, பாதி மாவ ரெண்டும் தின்னுட்டுதான் காயும். அன்னைக்கெல்லாம் செல்போன கேட்கவே இல்ல.

இந்த வருஷத்துக்கு மதினி வீட்லயும் சேத்து பேசி முடிச்சாச்சு. வரப்போற சனிக்கிழமை விடியகாலம் அஞ்சு மணிக்கு கிளம்பி பாபநாசம், அணை மட்டம் ஏறலைன்னா. குற்றாலத்துக்கு சாரல் விழுந்த பிறகு ஒரு புதன்கிழமை. திருச்செந்தூர் சின்னவனுக்கு இன்னும் ஒரு வயசு கூடட்டும்னு அத்தை சொல்லிட்டாவ, நானும் சரின்னுட்டேன்.