எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் காலைச் சாப்பாடு: ஒரே ஒரு நாள் ருசி பார்த்த அம்மா எழுதுவது

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் போடும் இந்தச் சாப்பாட்டை நான் சாப்பிட்டது ஒரே ஒரு நாள்தான். மற்றதெல்லாம் பையனும் பாப்பாவும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னது. ஆனால் இரண்டரை வருசமாகத் தினமும் கேட்டுக் கேட்டு, ரவா கிச்சடி எந்தக் கிழமை இறுகும், சாம்பாரில் என்றைக்குப் பருப்பு குறையும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். பரோட்டாக் கடைக்கெல்லாம் நட்சத்திரம் போடுகிற ஊர், இதற்கு மட்டும் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. சும்மா கிடைப்பதைக் குறை சொல்லக் கூடாது என்று இருக்கலாம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில் ஒரு ஊராட்சியில் இருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங். காலை 7:40க்குக் கம்பெனி வேன் முக்குக்கு வந்துவிடும். வீட்டுக்காரர் தறியில் நைட் ஷிப்ட், 8 மணிக்குத்தான் விடுவார்கள். ஆக 7:40க்கும் அவர் எக்ஸெல் வண்டியில் வந்து சேரும் 8:10க்கும் நடுவில் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் தனியாக. பள்ளிக்கூடம் 9 மணிக்கு. நான் 6 மணிக்கே தோசை சுட்டு டப்பாவில் வைத்துவிட்டுப் போவேன். 6 மணிக்கு எந்தப் பிள்ளைக்குப் பசிக்கும்? சாயங்காலம் வந்து பார்த்தால் தோசை அப்படியே விறைத்துக் கிடக்கும், வர்க்கி டப்பா காலியாக இருக்கும். டீயில் நனைத்து நாலு வர்க்கி, அதுதான் அவர்களின் டிபன். வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கத் தறிக்கு முன்னால் நின்றவர். வந்ததும் கண் சொருகும். அவரையும் சொல்ல முடியாது.

பையன் மூன்றாவது வரைக்கும் தனியார் பள்ளியில் படித்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இடம் இருக்கிறதே என்று எழுதிப் போட்டோம். குலுக்கலில் எங்கள் பேர் விழவில்லை. கடன் வாங்கிக் கட்டிப் பார்த்தோம், முடியவில்லை. 2023 ஜூனில் நாலாவதுக்கு ஊர்ப் பள்ளிக்கே கொண்டுவந்துவிட்டோம். பாப்பாவை அங்கேயே ஒன்றாவதில் சேர்த்தோம். இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 25ஆம் தேதி, காலைச் சாப்பாடு வந்தது.

மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் இதைத் தொடங்கியது 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அப்போது 1,545 பள்ளிகள்தான், எங்கள் ஊர் அதில் இல்லை. அடுத்த வருசம் திருக்குவளையில் ஆரம்பித்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் கொடுத்தபோதுதான் எங்களுக்கும் கிடைத்தது. 2024 ஜூலையில் கிராமத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அப்புறம் காய். அளவு அவ்வளவுதான். திட்டம் தொடங்கியபோது ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ரூ.12.75 என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் கம்பெனிக்கு எதிர்த்த பேக்கரியில் ஒரு டீயே 15 ரூபாய். அந்தக் காசுக்குச் சூடாகச் சாப்பாடும் சாம்பாரும் என்றால் கணக்கு எப்படிக் கட்டுகிறது என்று எனக்கு ஆச்சரியம்தான். ஒன்றாவது படிக்கும்போது பாப்பாவுக்கு அது வயிறு நிறைந்து தட்டில் மிச்சமும் வைக்கிற அளவு. அஞ்சாவது படித்த பையனுக்குப் பத்தாது. ஆறு வயசுக்கும் பத்து வயசுக்கும் ஒரே கணக்கு என்பது சமையல் தெரிந்த யாரும் போடாத கணக்கு. பாப்பா வைத்த மிச்சம் பையன் தட்டுக்குப் போய்ச் சரியாகிவிட்டது என்பது வேறு விசயம்.

எங்கள் வீட்டுக்கு ராஜா புதன்கிழமைதான். வெண்பொங்கலும் சாம்பாரும். அன்றைக்கு மட்டும் யாரும் எழுப்பாமல் இரண்டும் எழுந்துவிடும். மிளகு முழுசாகப் போடுவதால் பாப்பா பொறுக்கி ஓரமாக அடுக்கி வைக்கிறாளாம். டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிச்சடி நாட்களும் பழுதில்லை, காய் கண்ணுக்குத் தெரியும். உப்புமா நாட்கள்தான் சுமார். அரிசி உப்புமா வந்த அன்றைக்கெல்லாம் பையன் வீட்டிலேயே வர்க்கியில் கை வைத்துவிடுவான். முதலில் வெளியிட்ட பட்டியலில் வெள்ளிக்கிழமைக்குக் கேசரியும் இருந்தது. எங்கள் பிள்ளைகள் தட்டில் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டில் நானே கிண்ட வேண்டியதாகிவிட்டது. பையன் அந்தப் பட்டியலை எங்கேயோ படித்துத் தொலைத்துவிட்டான்.

என் பங்குக்கு ஒரு யோசனை. கொங்குப் பக்கத்தில் அரிசியும்பருப்பும் சாதம் என்று ஒன்று இருக்கிறது. ஒரே பாத்திரம், சாம்பார் தனியாக வேண்டாம், அரிசியும் துவரம்பருப்பும் சேர்ந்தே வேகும், மேலே துளி நெய் விட்டால் எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொன்னேன். பட்டியலில் இல்லை என்றார்கள். பட்டியல் சென்னையில் போடுவது.

நான் சாப்பிட்ட அந்த ஒரு நாள் இப்படி வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். பிள்ளைகளுக்குப் போடும் முன் குழுவிலிருந்து யாராவது ருசி பார்க்க வேண்டும். எனக்கு வேன் இருப்பதால் ஒருநாளும் முறை எடுத்ததில்லை. 2025 செப்டம்பரில், அமெரிக்கா போட்ட வரியில் ஆர்டர் குறைந்து கம்பெனியில் நடுவாரத்தில் லீவு விட்டார்கள். ஒரு வியாழக்கிழமை 8 மணிக்குப் போய் உட்கார்ந்தேன். சேமியா உப்புமா. ஆவி பறக்க வந்தது, அதற்கே பாதி மார்க். சேமியா கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வறுத்தது பத்தவில்லை, தண்ணீரும் ஒரு கை கூடுதல். சாம்பாரில் பூசணியும் கேரட்டும், உப்பு சரி, புளி தூக்கல். ஹோட்டலாக இருந்தால் ஐந்துக்கு இரண்டரை போட்டிருப்பேன்.

ஆனால் 8:15க்குப் பிள்ளைகள் கை கழுவி வரிசையாக உட்கார்ந்தபோது மற்றதையும் பார்த்தேன். சத்தமே இல்லை. எழுபது பிள்ளைகள் கூடும் இடத்தில் சத்தம் இல்லாமல் இருப்பது பசியில் மட்டும்தான். பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் ஒடிசாக் குடும்பத்துப் பொண்ணு ஒன்று, தமிழ் இன்னும் சரியாக வராது, தட்டை நீட்டி “இன்னும் கொஞ்சம் போடுங்க்கா” என்று மட்டும் கொங்குத் தமிழில் சுத்தமாகச் சொன்னது. அந்தப் புளித் தூக்கலை அப்புறம் நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

புளி ஏன் தூக்கலானது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. எனக்கு இந்தச் சேவையில் இருக்கிற பெரிய குறையே அதுதான்.

சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். முதல் இரண்டு வருசம் எங்கள் பள்ளியில் சமைத்த அக்கா கைமணம் உள்ளவர். முந்தின நாள் சாயங்காலமே ரவையை வறுத்து ஆற வைத்துவிட்டுப் போவார். விடிகாலை 5:30க்கெல்லாம் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் விளக்கு எரியும், நான் வாசல் தெளிக்கும்போது பார்ப்பேன். எந்தப் பிள்ளைக்கு மிளகாய் ஆகாது, எது வீட்டில் சண்டை என்று சாப்பிடாமல் வந்திருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், தன் பிள்ளையும் சாப்பிடுகிற சாம்பாரில் யாரும் கை அசட்டையாக வைக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளை அஞ்சாவது முடித்துப் போனால் அம்மாவும் போக வேண்டும். அவர் மகனும் என் மகனும் ஒரே வகுப்பு. 2025 ஏப்ரலில் இரண்டு பையன்களும் அஞ்சாவது முடித்தார்கள், அந்த அக்காவுக்கும் வேலை முடிந்தது. ஜூனில் வேறொருவர் வந்தார். பாவம், நல்ல மனுசிதான், ஆனால் எழுபது பேருக்குச் சமைப்பதை அங்கே வந்துதான் பழகினார். இனி அவர் கை படிந்து வரும்போது அவர் பிள்ளையும் அஞ்சாவதில் இருக்கும். எந்த ஹோட்டல்காரனாவது நல்ல மாஸ்டரை, உன் மகன் ஆறாவது போய்விட்டான் என்று சொல்லி அனுப்புவானா?

பிள்ளைக்கும் அதே கத்தரிக்கோல்தான். காலைச் சாப்பாடு அஞ்சாவதோடு சரி. அரசுப் பள்ளியில் கொடுப்பது ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியில் இறங்கிக்கொள்ளும். காலைச் சாப்பாடு அஞ்சாவதில், சீருடை எட்டாவதில், மதியச் சத்துணவும் முட்டையும் பத்தாவதில். புத்தகமும் பஸ் பாஸும் மட்டும் பன்னிரண்டாவது வரைக்கும் கூடவே வரும். பதினொன்றில் சைக்கிள் ஏறிக்கொள்ளும். இதையெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது யாரும் வரிசையாக உட்கார வைத்துச் சொல்வதில்லை. அந்தந்தப் படி வந்து கால் தடுக்கும்போதுதான் தெரியும்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. சீருடை வருசத்துக்கு நாலு செட், துணி பரவாயில்லை, அளவுதான் ஆளுக்கு ஒன்றாக வரும். பாப்பாவின் பாவாடையை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தேன், திருப்பூர்க்காரிக்கு அது ஒரு வேலையே இல்லை. ஷூ ஒரு சைஸ் சின்னதாக வந்து, மாற்றிக் கிடைப்பதற்குள் கால் இன்னொரு சைஸ் வளர்ந்துவிட்டது. நோட்டு, பை, கலர் பென்சில் பெட்டி எல்லாம் வந்தது, பையின் ஜிப்பு மார்கழியைத் தாண்டாது. மதியச் சாப்பாட்டில் முட்டை வாரம் ஐந்து. எங்களுக்கு முட்டை போடும் நாள் என்றால் அது நோம்பி நாள், என் பிள்ளைகள் மஞ்சள் கருவை வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள். எம்.ஜி.ஆர். 1982இல் ஆரம்பித்தபோது தட்டும் கையுமாக ஓடிய எங்கம்மா இதைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் முதுகில் ஒன்று வைப்பார்.

இதை வைத்துத் தனியாரிலிருந்து மாறலாமா என்று வேனில் கூட வரும் பெண்கள் கேட்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்காக மட்டும் என்றால் ஒன்றாவதிலேயே சேர்த்துவிடுங்கள், நாலாவதில் வந்த என் பையன் மாதிரி பாதியில் வந்தால் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். மேல்படிப்பை நினைத்தால் கணக்கு வேறு. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதாமாதம் பணம் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் தகுதி. என் அக்கா மகள் மாதாமாதம் வரும் அந்த 1,000 ரூபாயில்தான் கல்லூரிக்குப் போய்வருகிறாள். அவளுடைய பணம் அவளுடைய கணக்குக்கு வருகிறது, அக்காகூட அதில் கேட்பதில்லை.

என் மார்க்: சாப்பாட்டுக்கு மூன்றரை, பழைய அக்கா இருந்த காலத்துக்கு நாலரை. 8:15க்கு ஒரு நாளும் தவறியதில்லை என்பதற்கு முழுசாக ஐந்து. சனிக்கிழமைக்குப் பூஜ்யம், எனக்குக் கம்பெனி உண்டு, அவர்களுக்குப் பள்ளி இல்லை, அன்றைக்கு மறுபடியும் வர்க்கிதான்.

பையன் இப்போது நாலு கிலோமீட்டர் தள்ளி உயர்நிலைப் பள்ளியில் ஆறாவது. 8:05 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், என் விறைத்த தோசைக்கே திரும்பிவிட்டான். அதையும் பாதிதான் சாப்பிடுகிறான். பஸ் ஸ்டாப் பழைய பள்ளிக்கு நேர் எதிரில். போன புதன்கிழமை சாயங்காலம் வந்து பையைக் கூட இறக்காமல், “அம்மா, நான் அஞ்சாவதிலயே ஃபெயில் ஆகியிருக்கலாம்” என்றான். எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போடமாட்டாங்க கண்ணு என்றேன். பாப்பா உள்ளேயிருந்து, இன்னைக்குப் பொங்கல் ரெண்டாவது தடவ வாங்குனேன் என்று கத்தினாள்.