ஐப்பசி மழையில் "ட்ரவுட் கேரண்டி" என்று யாராவது சொன்னால் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்

நீலகிரியில் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனைப் பிடிக்க "பேக்கேஜ்" போட்டுத் தருகிறோம் என்று இன்ஸ்டாவிலும் வாட்ஸ்அப்பிலும் விளம்பரம் சுற்றுகிறது இல்லையா, அதில் ஒன்றில் நானும் என் மச்சானும் மாட்டியதைத்தான் எழுதுகிறேன். ஆளின் பெயரைப் போடப் போவதில்லை. ஏமாற்றின விதத்தைச் சொல்கிறேன், அது தெரிந்தால் போதும், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பேக்கேஜ் இதுதான். ஒரு ஆளுக்கு 3,800 ரூபாய். அதில் மீன்வளத்துறை பர்மிட், தூண்டில், இரை, கூட ஒரு கைடு, மதியம் ட்ரவுட் வறுவலோடு சாப்பாடு. பாதிப் பணம் முன்கூட்டியே ஜிபேயில். மீன் சிக்காவிட்டாலும் சாப்பாட்டில் ட்ரவுட் நிச்சயம் உண்டாம். இதைத் தவிர "இ-பாஸ் ஏற்பாடு" என்று தனியாக 200 ரூபாய் வேறு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் நடைமுறை இருக்கிறது, சரி, ஆனால் அது இணையத்தில் இலவசமாகவே கிடைப்பது. நாங்கள் வீட்டிலேயே எடுத்துவிட்டோம் என்றதும் அந்த 200-ஐ உடனே விட்டுக்கொடுத்தார், "அண்ணாவுக்காக" என்று சொல்லி.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். பவானி ஆற்றிலும் பவானிசாகர் அணையிலும் சின்ன வயதிலிருந்தே தூண்டில் போட்டுப் பழக்கம். கெண்டை, ஜிலேபி, ரோகு எல்லாம் கைக்குப் பழகின மீன்கள், ட்ரவுட்தான் பாக்கி. அதனால் போனில் முதலில் கேட்டதே மழையைப் பற்றித்தான். ஐப்பசி பிறந்துவிட்டதே தம்பி, தண்ணீர் கலங்கியிருக்காதா என்றேன். "அண்ணா, வடகிழக்குப் பருவமழை குன்னூர் கோத்தகிரியோட நின்னுடும். எமரால்டு, அவலாஞ்சி எல்லாம் தென்மேற்கு மழைதான். இப்ப அங்க கண்ணாடி மாதிரி தண்ணி ஓடும்" என்றார்.

இந்தப் பதிலில் பாதி உண்மை, அதனால்தான் இதை நம்பத் தோன்றும். மாவட்டத்தின் மேற்குப் பக்கம், அதாவது அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்கூர்த்தி பகுதிகள், ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பெருமழை வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். கிழக்கே குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர், நவம்பரில் நனையும். ஆனால் மேற்கில் மழை குறையும் என்றுதான் சொல்லலாமே ஒழிய நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போகிற மழை ஐப்பசியில் அங்கேயும் சாதாரணம். மலை ஏற்கெனவே நான்கு மாதம் ஊறிக் கிடக்கிறது, அணைகள் நிரம்பிக் கிடக்கின்றன, அந்த ஒரு மணி நேர மழையே ஓடையைக் கலக்கப் போதும்.

இன்னொரு விஷயம் அந்த ஆளுக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாக எமரால்டு போகிற சாலையில் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் சரிவு முழுக்க கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. அறுவடை முடிந்து மண்ணைக் கொத்திப் போட்டிருக்கும் தோட்டத்தில் மழை அடித்தால் செம்மண் அப்படியே வழிந்து ஓடைக்கு வரும், ஓடை அணைக்குக் கொண்டுபோகும். சோலைக்காட்டிலிருந்து இறங்குகிற ஓடை அப்படிக் கலங்காது. அது கொஞ்சம் டிகாக்‌ஷன் நிறம் காட்டும், அடியில் கல் தெரியும், மழை விட்டதும் சீக்கிரம் தெளிந்துவிடும். தோட்டத்து ஓடை தெளிய நாள் பிடிக்கும். ட்ரவுட் கண்ணால் பார்த்து இரை எடுக்கிற மீன், பூச்சியும் சின்ன மீன் குஞ்சும் கண்ணில் பட வேண்டும் அதற்கு. செங்கல் நிறத் தண்ணீரில் ஸ்பின்னர் (சுழன்று மினுக்குகிற உலோகப் போலி இரை) போட்டாலும் சரி, ஈத் தூண்டில் (பூச்சி மாதிரி கட்டின போலி இரை) போட்டாலும் சரி, ஒன்றும் சிக்காது. கலங்கின தண்ணீர் தெளியத் தொடங்குகிற அந்த இடைவேளைதான் நல்ல நேரம், அடித்து வந்த புழு பூச்சியைத் தின்ன மீன் வெளியே வரும். அதைக் காத்திருந்துதான் பிடிக்க வேண்டும், பத்து நாள் முன்னால் தேதி போட்டு விற்க முடியாது.

நாங்கள் போய் இறங்கின இடம் தோட்டத்து ஓடை. எமரால்டுக்கு மேலே, வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. விளம்பரம் போட்ட ஆள் வரவில்லை, எஸ்டேட் பையன் ஒருவனை கைடு என்று அனுப்பியிருந்தார், இருபது வயதுகூட இருக்காது. தண்ணீரைப் பார்த்ததும் மச்சான் என்னைப் பார்த்தான், நான் அந்தப் பையனைப் பார்த்தேன், அவன் "மேல போனா தெளிஞ்சிருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் நடக்கத் தொடங்கினான்.

அவன் கையிலிருந்த தூண்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. ராடின் நுனி வளையத்தில் உள்ளே இருக்கிற பீங்கான் வட்டம் இல்லை, வெறும் கம்பி வளையம், அதில் நரம்பு உரசி உரசி ஒரு பள்ளமே விழுந்திருந்தது. நரம்பு நம்ம ஊர் அணையில் ரோகுவுக்குப் போடுகிற தடிமன். முள்ளும் அதே சைஸ். இரை என்று ஒரு டப்பாவைத் திறந்தான், உள்ளே மைதா உருண்டை, வாசனைக்கு ஏலக்காய் போட்டது. கெண்டைக்கு அது அருமையான இரை, நானே போட்டிருக்கிறேன். ட்ரவுட்டுக்கு ஏலக்காய் மைதாவா என்று கேட்டதற்கு "அண்ணன்தான் குடுத்துவிட்டாரு சார்" என்றான். பாவம், அவனை என்ன சொல்ல.

மேலே போனால் தண்ணீர் தெளிந்துதான் இருந்தது, ஏனென்றால் அது சோலைக்குள் போய்விட்டது. அங்கேதான் வனத்துறை வாட்சர்கள் வந்தார்கள். பர்மிட் எங்கே என்றார்கள். பையன் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். அவர்களில் மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார், "நீங்களே படிங்க சார்." ஜெராக்ஸ். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் பெயர், எங்கள் இரண்டு பேர் பெயரும் இல்லை. தேதி எழுதுகிற இடத்தில் அச்சடித்த புள்ளிக்கோடு சட்டென்று அறுந்து, நான்கு எழுத்து அகலத்துக்கு வெள்ளையாகி, மறுபடி தொடங்கியது. வெள்ளை மை தடவி, மேலே புதுத் தேதி எழுதி, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம், சீட்டில் எழுதியிருந்த நீர்நிலையும் வேறு. நாங்கள் நின்ற ஓடையின் பெயர் அதில் எங்குமே இல்லை.

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலரும் குழப்பிக்கொள்கிற இடம் இது. மீன்பிடிக்க அனுமதி கொடுப்பது மீன்வளத்துறை, அவர்களுக்கு ஊட்டியிலேயே அலுவலகம் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் கால் வைக்க அனுமதி கொடுப்பது வனத்துறை. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அணைகள் மின்வாரியத்தின் கையில், அது மூன்றாவது ஆள். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் வரையாடு இருக்கிற பக்கமெல்லாம் "ரகசிய இடம்" என்று கூட்டிப்போவதாகச் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டினால் எந்தப் பேக்கேஜ்காரரும் கோர்ட்டுக்கு வரமாட்டார்.

எங்கள் விலாசம், போன் நம்பர், வண்டி நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு, அபராதம் போட்டு, ரசீதும் கொடுத்தார்கள். அன்றைக்குச் செலவழித்த பணத்தில் ரசீது கிடைத்தது அது ஒன்றுக்குத்தான். வாட்சர்கள் மரியாதையாகவே பேசினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பையனைத்தான் உரக்கத் திட்டினார்கள், காட்டெருமை கன்றோடு திரிகிற இடத்துக்கு வெளியூர் ஆளைக் கூட்டி வருவாயா என்று.

போன் போட்டு விளம்பரக்காரரைக் கேட்டால் ஒரு பதற்றமும் இல்லை. "விடுங்கண்ணா, அணைக்குக் கீழ ஒரு பெரிய மடு இருக்கு, அங்க போங்க, அங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்கிறார். எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. காசு போனதுகூடப் பரவாயில்லை. அணை நிரம்பி நிற்கிற மாதத்தில், மேலே மழை பெய்துகொண்டிருக்கும்போது, நிலவரம் தெரியாத இரண்டு பேரை அணைக்குக் கீழே மடுவில் இறங்கச் சொல்கிறார். எமரால்டு, அவலாஞ்சி முதலான குந்தா திட்டத்து அணைகள் எல்லாம் மின் உற்பத்திக்காகக் கட்டியவை, தேவைக்குத் தகுந்தபடி தண்ணீரை விடுவார்கள், நிறுத்துவார்கள். உபரி நீர் திறந்தால் கீழே நிற்கிறவனுக்கு மலைப் பள்ளத்தாக்கில் ஏற இடம் இருக்காது. மேலே நீர்த்தேக்கத்தின் ஓரமும் ஐப்பசியில் லேசுப்பட்டதில்லை, கோடையில் நடந்துபோகிற கரை முழுக்க இப்போது புல்லோடு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, எங்கே தரை முடிகிறது என்று தெரியாது. மட்டம் இறங்கினாலோ முழங்கால் வரை உள்வாங்குகிற சேறு.

மடுவுக்குப் போகாமல் சாப்பாட்டுக்குப் போனோம். பணம் கொடுத்தாயிற்று, ட்ரவுட்டையாவது சாப்பிட்டுவிட்டு இறங்கலாம் என்றான் மச்சான். ஒரு ஹோம்ஸ்டேயில் ஏற்பாடு. மசாலா தடவின துண்டு மீன், தலையும் இல்லை, வாலும் இல்லை. முதல் துண்டில் முதுகு முள் விரலில் குத்தியது. கை கழுவப் பின்பக்கம் போனேன், சிங்க் ஓரத்தில் செதில் ஒட்டியிருந்தது, என் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு ஒவ்வொன்றும். ட்ரவுட்டுக்குச் செதில் மிகப் பொடி, கையில் வழவழவென்றுதான் இருக்கும், முதுகுத் துடுப்பில் குத்துகிற முள்ளும் கிடையாது. இது ஜிலேபி, சந்தேகமே இல்லை. எமரால்டு குளிரில் ஜிலேபிக்கு என்ன வேலை, எங்கள் பவானிசாகரிலிருந்து ஐஸ் பெட்டியில் எங்களுக்கு முன்னாலேயே மலை ஏறி வந்திருக்கும். ருசி நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. கிலோ என்ன விலை என்று எனக்குத் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல்.

உங்களுக்கு யாராவது ட்ரவுட் என்று கொடுத்தால் முழு மீனாகக் காட்டச் சொல்லுங்கள். உடம்பெங்கும் வால் வரைக்கும் கறுப்புப் புள்ளி, பக்கவாட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் முள்ளே இல்லாமல் ஒரு சின்னச் சதைத் துடுப்பு. கெண்டையிலும் ஜிலேபியிலும் அந்தச் சதைத் துடுப்பு இருக்காது. இந்த மீன் நம் மலைக்குச் சொந்தமும் அல்ல. 1863-இல் பிரான்சிஸ் டே என்கிற ஆங்கிலேய மீன் ஆய்வாளர் கொண்டுவர முயன்று பலிக்காமல், பிறகு வில்சன் என்கிற வெள்ளைக்காரர் அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் வைத்து, முட்டைகளை வெளிநாடுகளிலிருந்து தருவித்து வளர்த்தது. இவ்வளவு பாடுபட்டுக் குடியேறின மீனை, தட்டுக்குத் தட்டு வறுத்துப்போட எங்கிருந்து கிடைக்கும் என்று யோசித்தாலே கேரண்டி பொய் என்று புரியும். குளிர் மாதங்களில் அது முட்டையிடவும் ஓடையின் கூழாங்கல் பகுதிக்கு ஏறும். அங்கே ஆளை இறக்கி மிதிக்க விடுகிற கைடு, பர்மிட்டே வைத்திருந்தாலும் நல்ல கைடு இல்லை.

போக வேண்டும் என்று ஆசையாக இருந்தால், மீன்வளத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய், இப்போது எந்த நீர்நிலைக்கு அனுமதி தருகிறார்கள், தருகிறார்களா என்று கேளுங்கள். சீட்டு உங்கள் பெயரில், அன்றைய தேதியில், அந்த நீர்நிலையின் பெயரோடு இருக்க வேண்டும், ஜெராக்ஸ் வேண்டாம். ஏஜெண்டிடம் அன்று காலை எடுத்த தண்ணீரின் வீடியோ கேளுங்கள். போட்டோ வேண்டாம், போட்டோ எந்த வருடத்தது என்று யாருக்குத் தெரியும்.

பணம் இன்னும் திரும்பி வரவில்லை. நம்பரை பிளாக் செய்துவிட்டார். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறேன். இதே மாதிரி வெள்ளை மை தடவின சீட்டை வைத்து உங்களையும் கூட்டிப்போயிருந்தால் அதன் போட்டோவை அழித்துவிடாமல் எனக்கு மெசேஜ் செய்யுங்கள். ஒரே காப்பியைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருப்பார், அந்த அறுந்த புள்ளிக்கோடு இரண்டு சீட்டில் ஒரே இடத்தில் இருந்தால் புகாருக்கு வேறு சாட்சி தேவைப்படாது.