டியூக்ஸ்பரியில் ஒரு சந்து வீடு: பல வருடம் தங்கிப் பார்த்த அனுபவம்

பர்மிங்ஹாமிலிருந்து காரில் ஒரு மணி நேரம். எம்5 நெடுஞ்சாலையில் ஒன்பதாவது சந்திப்பில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் டியூக்ஸ்பரி. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் செவர்ன் ஆறும் ஏவன் ஆறும் கூடுகிற ஊர். அங்கே சர்ச் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருக்கும் விடுமுறை வீட்டில் குடும்பத்தோடு பல வருடங்களாகப் போய்த் தங்கி வருகிறோம். இந்த மாதிரி வீடுகளுக்கு இணையத்தில் வரும் பாராட்டுகளைப் பெரும்பாலும் ஒரு வார இறுதியைக் கழித்தவர்கள் எழுதுகிறார்கள். எல்லாப் பருவத்திலும் இருந்து பார்த்தவர் சொன்னால் புதிதாகப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீடு ஏன் இவ்வளவு குறுகல் என்பதற்கு ஆறுதான் காரணம். ஊரைச் சுற்றிலும் வெள்ளம் பாயும் தாழ்நிலம். வெளியே விரிய வழியில்லாததால், தெருவோர வீடுகளின் கொல்லைகளுக்குள்ளேயே வரிசை வரிசையாகச் சிறு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அங்கே போகிற நடைபாதைகள்தான் இந்தச் சந்துகள். இப்போதும் ஏறக்குறைய முப்பது மிஞ்சியிருக்கின்றன. நாங்கள் தங்கும் வீடு மரச்சட்டம் நிறுத்தி, நடுவே குச்சிப் பின்னலும் மண்ணும் அடைத்து, சுண்ணாம்பு பூசியது. வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். மாடி அறையின் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் அலமாரியின் இரண்டு கால்களுக்கு அடியில் மரத்துண்டு கொடுத்திருக்கிறார்கள். படுத்தால் முதல் இரவு தலைப்பக்கம் தாழ்ந்த மாதிரி இருக்கும். பிறகு பழகிவிடும்.

இது அரசு பட்டியலிட்ட இரண்டாம் தரப் பாரம்பரியக் கட்டடம். ஜன்னலை மாற்றுவதென்றாலும் உள்ளூர் மன்றத்தின் அனுமதி வேண்டும். அதனால் ஒற்றைக் கண்ணாடிதான். உள்பக்கம் இன்னொரு சட்டம் பொருத்தியிருக்கிறார்கள், அப்படியும் ஜனவரியில் ஜன்னல் அருகே உட்கார முடியாது. ஈரத்தை உறிஞ்சும் எந்திரம் ஒன்று கூடத்தில் எப்போதும் ஓடும். காலையில் அதன் தொட்டியை ஊற்றிவிட்டு வருவது எங்கள் பையனின் வேலை. இதையெல்லாம் குறை என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடுவதால்தான் அந்த மரங்கள் இத்தனை நூற்றாண்டு உளுத்துப்போகாமல் நிற்கின்றன. அதன் மேல் சிமெண்ட் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி மரத்தைத் தின்றுவிடும். இந்த வீட்டுக்காரர்கள் அப்படிச் செய்யாமல் விட்டதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

சமையலறை பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அடுப்பு இண்டக்‌ஷன். அலுமினியக் கடாய் சூடேறாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரமாகப் பார்த்து எடுத்துப் போங்கள். மேலே இருக்கும் புகைபோக்கி காற்றை வெளியே தள்ளாது, வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடும். காய்ந்த மிளகாய் போட்டுத் தாளித்தால் புகை அலாரம் அலறும். சந்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தாளிப்போம். மீன் பொரிப்பதை மட்டும் கிளம்புமுன் எங்கள் சொந்த வீட்டிலேயே முடித்து டப்பாவில் எடுத்துப் போய்விடுவோம், சோபாத் துணியில் ஏறிய வாடை அடுத்து வருகிறவர்களுக்கு வேண்டாம்.

மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தபோது இந்த வீடு சரிப்படவில்லை. மாடிப்படி செங்குத்து, பிடித்து ஏறக் கம்பிக்குப் பதில் தடித்த கயிறு, குளியலறையோ மாடியில். “நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கனயே உக்காந்திருக்கேன்” என்று கீழே கூடத்திலேயே இருந்துவிட்டார். முழங்கால் வலி உள்ளவர்கள், தவழும் குழந்தை வைத்திருப்பவர்கள் வேறு வீடு பார்ப்பது நல்லது.

ஊர் என்று எடுத்துக்கொண்டால், எத்தனை முறை போனாலும் எனக்கு அலுக்காதது, ஒரு காலத்தில் துறவிகள் மடத்தைச் சேர்ந்ததாக இருந்த அபே தேவாலயம். 1121-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் நார்மன் கோபுரம் 148 அடி உயரம். மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இதுவும் இடிபட வேண்டியது. ஊர்மக்கள் 453 பவுண்டு கொடுத்து வாங்கித் தங்கள் கோவிலாக வைத்துக்கொண்டார்கள். 1471 மே 4 அன்று ஊருக்கு வெளியே நடந்த போரில் இறந்த, மன்னர் ஆறாம் ஹென்றியின் மகன் இளவரசர் எட்வர்டை உள்ளேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தப் போரை ஜூலையில் திருவிழாவாக நடித்துக் காட்டும் நாட்களில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு, வாடகையும் எகிறிவிடும்.

நாங்கள் விரும்பிப் போவது நவம்பர், பிப்ரவரி மாதங்களில். பள்ளி விடுமுறைக் கட்டணத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆகும். வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவுக்கும் தருவார்கள். அந்த மாதங்களில்தான் ஆற்றையும் முழுசாகப் பார்க்கலாம். மாவு மில்லை ஓட்டுவதற்கென்று மடத்துத் துறவிகள் வெட்டிய மில் ஏவன் கால்வாய்க்கும் செவர்னுக்கும் நடுவே செவர்ன் ஹாம் என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. கோடையில் அங்கே உலர்தீவனத்துக்குப் புல் வளர்ந்து நிற்கும். குளிர்காலத்தில் அதே இடம் ஏரியாகிவிடும், வேலிக்கம்பங்களின் தலை மட்டும் தெரியும். ஊரில் வெயிலடிக்கும்போதுகூடத் தண்ணீர் ஏறும். வேல்ஸ் மலைகளில் பெய்த மழை இறங்கி வந்து சேர நாட்கள் பிடிக்கும் என்பதுதான் காரணம்.

2007 ஜூலை வெள்ளத்தில் நாலாபக்கமும் தண்ணீர் சூழ, தேவாலயம் மட்டும் தீவாக நின்ற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். மைத் நீர் சுத்திகரிப்பு நிலையமும் அப்போது மூழ்கி, சுமார் 3,50,000 பேருக்குக் குழாயில் தண்ணீர் இல்லாமல் போனது. எனவே முன்பதிவுக்கு முன் அந்தச் சந்தில், அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததுண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். வாசலில் வெள்ளத் தடுப்புப் பலகை செருகும் காடி இருந்தால் விடை அதிலேயே இருக்கிறது. கிளம்புகிற வாரம் அரசின் சுற்றுச்சூழல் முகமை வெளியிடும் ஆற்று மட்டத்தையும், சாலை மூடல்களையும் பார்த்துவிடுவோம். காரைத் தாழ்வான நிறுத்தத்தில் விடுவதில்லை. வீட்டுக்கென்று தனி நிறுத்தம் கிடையாது. சர்ச் ஸ்ட்ரீட்டில் பெட்டிகளை இறக்கிவிட்டு ஊர்ப் பொது நிறுத்தத்துக்குப் போக வேண்டும்.

இத்தனை வருடத்தில் வீடு தேய்ந்ததா என்றால், மெத்தை ஒருமுறை குழிந்து மாற்றினார்கள், கத்திகள் எப்போதும் மழுங்கல், ஷவரில் தண்ணீர் இன்னும் நூலாகத்தான் வருகிறது. மற்றபடி நன்றாகவே பராமரிக்கிறார்கள். உண்மையான மனக்குறை ஒன்றுதான். ஒரு பிப்ரவரி இரவு பாய்லர் நின்றுபோனது. வாடகைக்கு விடும் ஏஜென்சிக்கு எத்தனை தடவை அடித்தும் மறுநாள் மதியம்தான் ஆள் வந்தார். விறகு அடுப்பு இருந்ததால் பிள்ளைகளோடு கூடத்தில் படுத்துச் சமாளித்தோம். அதற்குப் பிறகு முன்பதிவுக்கு முன்னாலேயே, அவசரத்துக்கு ஊருக்குள் சாவி வைத்திருக்கும் ஆள் யார், இரவில் எந்த எண்ணில் எடுப்பார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம். நீங்களும் கேளுங்கள், தரத் தயங்குகிற இடத்தில் குளிர்காலத்துக்கு எடுக்காதீர்கள்.