ஹீட் ட்ரான்ஸ்ஃபர் படிக்க கேசியோ 991 இஎஸ் ப்ளஸ்: மூன்று வருட அனுபவம்

இரண்டாம் வருடம் முடிந்த விடுமுறையில், திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் அப்பா இதை வாங்கிக் கொடுத்தார். கேசியோ எஃப்எக்ஸ்-991 இஎஸ் ப்ளஸ் சயின்டிஃபிக் கால்குலேட்டர். ஆயிரத்து இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. "நூறு ரூபாய்க்கும் கால்குலேட்டர் இருக்கேம்மா" என்றார். "கெமிக்கல்ல ஹீட் ட்ரான்ஸ்ஃபர், மாஸ் ட்ரான்ஸ்ஃபர்னு ரெண்டு பேப்பர் இருக்குப்பா, அதுக்கு இதுதான் வேணும்னு ஹாஸ்டல் அக்கா சொன்னாங்க" என்றேன். கெமிக்கல் இன்ஜினியரிங்கில் வெப்பமும் பொருளும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதைப் பற்றிய பாடங்கள் அவை. அப்போது எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

417 ஃபங்ஷன்கள் கொண்ட கருவி இது. நான் உருப்படியாகப் பயன்படுத்தியது ஆறோ ஏழோதான். அவற்றில் முதலிடம் கால்க் பட்டனுக்கு. ஒரு சூத்திரத்தை எழுத்துகளோடு அடித்துவிட்டு கால்க் அழுத்தினால், ஏ எவ்வளவு, பி எவ்வளவு என்று அதுவே கேட்கும். எண்களை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம், சூத்திரத்தை மறுபடி அடிக்க வேண்டாம். நான் அடித்து வைத்தது ஒன்றே ஒன்று: ஏ கழித்தல் பி, அதை ஏ-யை பி-ஆல் வகுத்ததன் இயல்பு மடக்கையால் வகுக்க வேண்டும். எல்எம்டிடி, அதாவது மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாடு.

ஒரு வெப்பப் பரிமாற்றியில் குழாய்ச் சுவரின் ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் தண்ணீர். சூடான எண்ணெய் 90 டிகிரியிலிருந்து 60-க்கு இறங்குகிறது, தண்ணீர் 30-லிருந்து 50-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கவுண்டர் ஃப்ளோவில், அதாவது இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடினால், இரு முனைகளிலும் வேறுபாடு 40, 30. விடை 34.8. அதே எண்ணெய், அதே தண்ணீர், பேரலல் ஃப்ளோ, அதாவது இரண்டும் ஒரே திசையில் ஓடினால் 60, 10. விடை 27.9. கவுண்டர் ஃப்ளோதான் சிறந்தது என்று வகுப்பில் எழுதிக்கொண்டதை, இந்த இரண்டு எண்களும் பத்து விநாடிக்குள் அடுத்தடுத்து திரையில் வந்தபோதுதான் நான் நம்பினேன். வேறுபாடு குறைந்தால் அதே வேலைக்குக் குழாய்ப் பரப்பு கூட வேண்டும், கூடுதல் பரப்பு என்றால் கூடுதல் செலவு. எல்லாம் அந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

ஒரு உள்தேர்வில், கவுண்டர் ஃப்ளோவில் தண்ணீர் 60 டிகிரி வரை ஏறுகிற மாதிரி கணக்கு வந்தது. இரு முனையிலும் வேறுபாடு 30. கால்க் அழுத்தினால் 'மேத் எரர்'. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லியிருக்கிறேன், அது வேறென்ன செய்யும்? நான் பதறி மூன்று முறை திரும்ப அடித்தேன், நேரம் போய்விட்டது. விடை வெறும் 30. குழாய் முழுக்க வேறுபாடு மாறவே இல்லை என்றால் சராசரி எதற்கு? அந்தப் பிழைச் செய்தியை நான் இன்றுவரை மறக்கவில்லை, அந்தப் பாடத்தையும்தான்.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கருவி எனக்குச் செய்த பெரிய உதவி. நீராவிக் குழாயின் இன்சுலேஷன் கணக்கு. உள் ஆரம் 25 மில்லிமீட்டர், வெளி ஆரம் 75. எந்த ஆரத்தில் பரப்பைக் கணக்கிடுவது? மடக்கைச் சராசரி ஆரத்தில். அதே சூத்திரத்தில் 75, 25 கொடுத்தேன், 45.5 வந்தது. அடுத்த செமஸ்டர் மாஸ் ட்ரான்ஸ்ஃபர் லேபில் ஸ்டெஃபான் குழாய். அடியில் அசிட்டோன், மேலே காற்று வீசும், திரவ மட்டம் நாள் முழுக்க மெல்ல இறங்கும், அதைப் பார்த்து ஆவியின் பரவல் குணகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 30 டிகிரியில் அசிட்டோனின் ஆவி அழுத்தம் சுமார் 285 மி.மீ. பாதரசம். ஆக திரவப் பரப்பில் காற்றின் பங்கு 475, குழாயின் வாயில் 760. இரண்டுக்கும் மடக்கைச் சராசரி எடுக்க வேண்டும். அதே சூத்திரம்! 606 வந்தது. அதற்கும் பிறகு, வாயுவைத் திரவத்தில் கரைத்துப் பிரிக்கும் அப்சார்ப்ஷன் டவர், மேலும் கீழும் செறிவு வேறுபாடு, மறுபடி அதே இரண்டு எண், அதே கால்க். வெப்பமும் பொருளும் நகர்கிற விதம் ஒன்றேதான் என்று எத்தனை பேர் சொன்னாலும், விரல்கள் நான்கு இடத்தில் ஒரே சூத்திரத்தை அடித்தபோது புரிந்த மாதிரி எனக்குப் புரியவில்லை.

அடுத்தது சால்வ், சமன்பாட்டைத் தானே தீர்த்துத் தரும் பட்டன். எங்கள் சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 800 வாட் வெயிலை உள்வாங்குகிறது, காற்று 30 டிகிரி, வெப்பச் சலனக் குணகம் 10, கதிர்வீச்சுத் திறன் 0.9. கூரையின் அடிப்பக்கம் வெப்பம் போகவில்லை, வானமும் காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கிறது என்று எளிமையாக வைத்துக்கொண்டால், தகரம் எவ்வளவு சூடாகும்? சமன்பாட்டில் வெப்பநிலை ஒரு முறை சும்மாவும், ஒரு முறை நான்காம் அடுக்கிலும் வரும். கையால் போட்டால் நாலைந்து சுற்று. சால்வ் 349.7 கெல்வின் என்று சொல்லிவிடும், அதாவது கிட்டத்தட்ட 77 டிகிரி. ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் மாறிலிகூட உள்ளேயே இருக்கிறது, ஷிஃப்ட், 7, பிறகு 31.

ஆனால் சால்வுக்கு ஆரம்ப மதிப்பை நாம்தான் ஓரளவு சரியாகக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் ரேடியன் மோட், கோணத்தை டிகிரியில் இல்லாமல் ரேடியனில் எடுத்துக்கொள்ளும் அமைப்பு. தட்டையான சுவர் ஆறுகிற கணக்கில், எக்ஸ் பெருக்கல் டேன் எக்ஸ் சமம் பயோட் எண் (சுவருக்குள் வெப்பக் கடத்தலின் தடைக்கும் மேற்பரப்பின் தடைக்கும் உள்ள விகிதம்) என்ற சமன்பாடு வரும். பயோட் எண் 1 என்றால் முதல் மூலம் 0.8603. டிகிரி மோடில் இருந்தால் 7.55 என்று ஒரு எண் வரும். எரர் எதுவும் காட்டாது. நான் அந்த 7.55-ஐ வைத்து ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டு பத்து மதிப்பெண் இழந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் பார்த்திருந்தால் போதும்.

எஃகின் மேற்பரப்பில் கார்பனை ஊடுருவ விடும் கார்பரைசிங் கணக்குகளுக்கு எரர் ஃபங்ஷன் என்ற கணிதச் சார்பு வேண்டும், அது இதில் இல்லை. இன்டக்ரல் பட்டனால் சமாளிக்கலாம். இரண்டை வர்க்கமூலம் பையால் வகுத்து முன்னால் போட்டால் சரியான மதிப்பு வரும். 0.5-க்கு 0.5205, அட்டவணையில் உள்ளதேதான். ஆனால் இன்டக்ரலை சால்வுக்குள் போட முடியாது, எண்ணை மாற்றி மாற்றி நாமே நெருங்க வேண்டும்.

ஸ்டாட் மோடில் ஏழாவதாக அடுக்குப் பொருத்தம் இருக்கிறது. லேபில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்பதைக் காட்டுவது), நஸல்ட் எண் (வெப்பச் சலனம் எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டுவது) இரண்டையும் வரிசையாகக் கொடுத்தால் அடுக்கைச் சொல்லும். எங்களுக்கு 0.76 வந்தது, டிட்டஸ்–போல்டர் சமன்பாட்டில் 0.8. லாக் கிராஃப் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்த பக்கத்து டீமுக்கும் கொடுத்து உதவினேன். ஒரு எச்சரிக்கை: மோடை மாற்றினால் உள்ளிட்டதெல்லாம் அழிந்துவிடும்.

ஒருங்கமை சமன்பாடுகள் மூன்று மாறிகள் வரைதான். இரு பரிமாண வெப்பக் கடத்தலில் வெப்பநிலை தெரியாத நான்கு முனைகள் வந்தால், சுற்றுச் சுற்றாக விடையை நெருங்கும் காஸ்–சைடல் முறைதான் கதி. நான்கு மாறிகள் 991 இஎக்ஸ் மாடலில் உண்டு. எனக்கு அந்தத் தேவை அடிக்கடி வரவில்லை.

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சொந்தக் கால்குலேட்டர் கிடையாது, திரையில் வரும் மெய்நிகர் கால்குலேட்டர்தான், அதில் சால்வ் இல்லை. நான் கடைசி ஆறு மாதம் இதை மேசை டிராயரில் வைத்துவிட்டுக் கையாலேயே சுற்றுப் போட்டுப் பழகினேன். முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மூன்று வருடத்தில் எண்கள் எதுவும் அழியவில்லை, சோலார் உண்டு, பேட்டரி இன்னும் மாற்றவில்லை. ஹீட் ட்ரான்ஸ்ஃபர் தொடங்குவதற்கு முந்தைய விடுமுறையிலேயே வாங்கிவிடுங்கள், செமஸ்டர் நடுவில் வாங்கினால் பழக நேரம் இருக்காது. என்னுடையது இப்போது ஹாஸ்டலில் ஒரு ஜூனியரிடம் இருக்கிறது. மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்: 'முதலில் ரேடியனா பார். மேத் எரர் வந்தால் ஏ-யும் பி-யும் ஒன்றா என்று பார்.'