காகித மைக்ராஸ்கோப்: கடல்நீர்த் துளிக்காகவே வாங்கலாம்

பள்ளிப் பிள்ளைகளுக்காக வாங்கினேன். மடித்துச் செய்வது, 140 மடங்கு பெரிதாக்கும். தூத்துக்குடிக் கரையில் மெல்லிய வலையால் அரித்த நீரை வைத்ததும் டயாட்டம்கள் (ஒளியில் தானே உணவு தயாரிக்கும் ஒற்றைச்செல் பாசிகள்) பளிச்சென்று தெரிந்தன, நடுவே அவற்றைத் தின்னும் ஒரு கோப்பிபாட் (இறால் இனத்துக் குட்டி உயிர்) துள்ளியது.

2018-இல் வந்த கணக்கின்படி பூமியின் உயிர்ப்பொருளில் சுமார் 550 கிகா டன் கார்பன் (ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன்). தாவரங்களே 450. கடலுக்குச் சுமார் 6தான்! அதிலும் உணவு தயாரிப்பவை 1, தின்பவை 5. நிலத்தில் இது தலைகீழ். டயாட்டம்கள் ஓரிரு நாளிலேயே இரட்டிப்பாகிவிடும், அதனால்தான் இவ்வளவு வாய்களுக்கும் போதுகிறது. இதைத் துளியைக் காட்டியே சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

குறை: ஃபோகஸ் அடிக்கடி நழுவுகிறது. பாக்டீரியா தெளிவாகத் தெரியாது, அதே கணக்கில் பூமி முழுக்க 70 கிகா டன் இருக்கும் அவற்றைப் பார்க்க வேறு கருவிதான் வேண்டும். அப்புறம், வலையையும் சேர்த்தே வாங்குங்கள்.