ஓரிடத்தில் குவிந்த வேளாண்மையா, படுகை முழுதும் பரவியதா?

பயிரும் கால்நடையுமான வேளாண்மை, ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் நிலப்பரப்பான படுகையின் ஒரு மூலையில் குவிந்தால், மற்றத் துணையாறுகள் மாசிலிருந்து தப்பிக்கும். ஆனால் குவிந்த இடத்தில் பாதிப்பு கடுமையானது. கால்நடைகளின் ஈரச் சாணத்தை வெகுதூரம் ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. பக்கத்து வயல்களிலேயே கொட்டுகிறார்கள். சாணத்திலுள்ள சத்தான பாஸ்பரஸ், பயிரின் தேவையை மிஞ்சும்போது மண்ணில் ஆண்டுக்கணக்கில் தேங்கி, பெருமழைதோறும் ஆற்றில் இறங்குகிறது. அமெரிக்காவில் மௌமி ஆறு சுமந்துவந்த பாஸ்பரஸ் ஈரி ஏரியில் நச்சுப்பாசியை வளர்த்தது. 2014 ஆகஸ்டில் அந்த ஏரியின் நீரைக் குடிக்கும் டொலிடோ நகரமே குழாய்நீரைக் குடிக்க முடியாமல் தவித்தது.

பரவலான முறையில் சாணம் முழுவதும் உரமாகப் பயன்பட வழியுண்டு. ஆனால் ஓடைதோறும் உரத்திலிருந்து கரைந்துவரும் நைட்ரேட் உப்பு சிறிது கலக்கும், கண்காணிப்பதும் கடினம். குவிந்திருந்தால் வடிகட்டும் சதுப்புநிலத்தை எங்கே அமைப்பது என்பதாவது தெரியும். இருந்தும் என் தேர்வு பரவலான முறைதான், ஓடைக்கரைகளை உழாமல் விட்டால்.